மீனாட்சியைப் பார்த்தாச்சு, அப்புறம் எங்கே?

மதுரை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். கோயில் பார்த்தாச்சு, மஹால் பார்த்தாச்சு, தெப்பக்குளத்தைச் சுற்றியாச்சு, அழகர்கோவிலுக்கும் போய்வந்தாச்சு, ஜிகர்தண்டாவும் குடித்தாச்சு, இனி அங்கே என்ன இருக்கிறது? ஊரைச் சுற்றி மலைகள் இருக்கின்றன, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. நல்ல ஹோட்டல் எது, சுங்குடிச் சேலை எங்கே மலிவு என்று கேட்டவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

கேள்வி: பிள்ளைகளோடு வருகிறோம். இரண்டாம் நாள் காலை மட்டும்தான் கையில் இருக்கும், மதியம் ரயில். பத்து வயதுப் பெண்ணும் ஏழு வயதுப் பையனும் "இன்னொரு கோயிலா?" என்று இப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கே கூட்டிப்போகலாம்?
(கோவை வாசகி)

பதில்: சமணர் மலை. யோசிக்கவே வேண்டாம்.

தேனி சாலையில் போய் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்பினால் கீழக்குயில்குடி. ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்தான். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு, ஆனால் பிள்ளைகளையும் மதிய ரயிலையும் வைத்துக்கொண்டு பஸ்ஸை நம்ப வேண்டாம், போகவர ஒரு ஆட்டோ பேசி, அவரையே அங்கே காத்திருக்கச் சொல்லுங்கள். காலை ஆறரைக்கு அங்கே இருந்தால் ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும், வெயிலும் தலைக்கு ஏறாது.

மலையடிவாரத்தில் அய்யனார் கோயில், அதை ஒட்டித் தாமரைக்குளம், பெரிய ஆலமரம். பாதிப் பேர் இந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், அவ்வளவு குளிர்ச்சி. நீங்கள் உட்காராதீர்கள். முதலில் செட்டிப்புடவு என்கிற குகைக்குப் போங்கள், மலையின் தென்மேற்குப் பக்கம், கொஞ்சம் படிதான். குகை வாசலுக்கு இடப்பக்கம் பாறையிலேயே செதுக்கிய பெரிய தீர்த்தங்கரர் (சமணர்கள் வணங்கும் பெரியவர்) உட்கார்ந்திருப்பார், தலைக்கு மேலே முக்குடை, தோள் வரை தொங்கும் காது. அந்தக் காதைப் பார்த்துவிட்டு யாரோ பெரிய செட்டியார் என்று ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள், குகைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. குகைக்குள் குனிந்து போனால் மேலே வளைவில் வரிசையாகச் சின்னச் சிற்பங்கள். அதில் ஒன்றில் ஒரு பெண் சிங்கத்தின் மேல் ஏறி வில்லை வளைத்து நிற்கிறாள், எதிரே யானைமேல் ஒருவன் வாளும் கேடயமுமாக வருகிறான். உங்கள் பையன் இந்த இடத்தை விட்டு நகரமாட்டான். நடுவில் இருக்கும் மூன்று தீர்த்தங்கரர்களும் கண்ணை மூடித் தியானத்தில் இருக்க, பக்கத்திலேயே இப்படி ஒரு சண்டை நடப்பதுதான் இந்தச் சிற்பிகளிடம் எனக்குப் பிடித்த குறும்பு.

அடுத்து பேச்சிப்பள்ளம். இது அய்யனார் கோயிலுக்குப் பின்னாலிருந்து பாறையில் வெட்டிய படிகளில் ஏற வேண்டும், ஏழு வயதுப் பையன் ஓடியே ஏறிவிடுவான், நமக்குத்தான் மூச்சு வாங்கும். மேலே சுனை, அதை ஒட்டிய பாறை முகத்தில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். தலைக்கு மேல் ஐந்து தலை நாகம் இருந்தால் அது பார்சுவநாதர், காலில் கொடி சுற்றியிருந்தால் பாகுபலி. பிள்ளைகளிடம் இந்த இரண்டு அடையாளத்தை மட்டும் சொல்லி நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுங்கள். சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்யக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது, 9, 10-ஆம் நூற்றாண்டு எழுத்து. ஒன்றில் "அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி" என்று வருகிறது. அச்சணந்தி அந்தக் காலத்தில் மதுரைப் பக்கத்து மலைகள் பலவற்றில் சிற்பம் செய்ய வைத்த சமணத் துறவி. அவருடைய அம்மாவும் ஒரு சிலைக்குக் கொடுத்திருக்கிறார், பெயரோடு ஆயிரம் வருடமாக அங்கேயே இருக்கிறார். ராஜா பெயரும் ராணி பெயரும் எல்லா ஊரிலும் கிடைக்கும், ஒரு துறவியின் அம்மா பெயர் எங்கே கிடைக்கும்?

அதற்கு மேலும் ஏறலாம். உச்சிப்பக்கம் பழைய சமணப் பள்ளி (துறவிகளின் மடம்) ஒன்றின் அடித்தளமும் ஒரு கன்னடக் கல்வெட்டும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அது வேண்டாம், வெறும் பாறை, பிடிக்க எதுவும் கிடையாது.

திரும்பும்போது ஆட்டோவில் சொல்ல ஒரு கதை. பாண்டியனை அழிக்கச் சமணர்கள் யானை, பாம்பு, பசு என்று ஒவ்வொன்றாக ஏவினார்கள், மூன்றும் மலையாகிப் போயின, அவைதான் யானைமலை, நாகமலை, பசுமலை என்பது திருவிளையாடல் சொல்வது. மூன்றும் மதுரையைச் சுற்றி இன்றும் நிற்கின்றன, நாகமலை பக்கத்திலேயே நீளமாகப் படுத்திருக்கும். சைவர்கள் எழுதிய கதை, சமணர்கள் அதில் வில்லன்கள், அதையும் சேர்த்தே சொல்லுங்கள், பத்து வயதுப் பெண்ணுக்குப் புரியும்.

கேள்வி: நாங்கள் நாலு பேர், இரண்டு பைக். யானைமலை, அரிட்டாபட்டி, மாங்குளம், திருவாதவூர், கீழவளவு, கீழடி, வரிச்சியூர் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க ரூட் போட்டுத் தருவீர்களா?
(சென்னை வாசகர்)

பதில்: தரமாட்டேன். ஏழு இடம் போய் ஏழு செல்ஃபி எடுத்துக்கொண்டு வந்து "வெறும் பாறைதான் சார்" என்று சொல்வீர்கள்.

மேலூர் சாலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதிலும் இரண்டே இடம். காலையில் ஒத்தக்கடையில் திரும்பி நரசிங்கம். யானைமலை சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை, தூரத்திலிருந்து பார்த்தால் நிஜமாகவே துதிக்கையை நீட்டிப் படுத்த யானைதான், அந்தச் சாலையில் பஸ்ஸில் போகிற எல்லோருமே ஜன்னலில் பார்த்திருப்பார்கள், இறங்கியவர்கள் குறைவு. அடிவாரத்தில் யோக நரசிங்கப் பெருமாள் குடைவரை, அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில். பராந்தக நெடுஞ்சடையன் என்கிற பாண்டியனிடம் மந்திரியாக இருந்த மாறன்காரி குடைந்தது, கலியாண்டு 3871 என்று கல்வெட்டிலேயே கணக்குச் சொல்லியிருக்கிறார்கள், அதாவது கி.பி. 770. வேலை முடிவதற்குள் மாறன்காரி இறந்துபோக, அடுத்து மந்திரியான தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டிக் குடமுழுக்குச் செய்தார். தமிழ்நாட்டில் இத்தனை கச்சிதமாக வருடம் தெரிந்த குடைவரைகள் ரொம்பக் கொஞ்சம். அதே ஊரில் நடந்து போகும் தூரத்தில் லாடன் கோயில், முருகனுக்கான குடைவரை. கூட்டமே இருக்காது. அப்புறம் மலைமேல் சமணச் சிற்பங்களும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டும் உண்டு, தெம்பிருந்தால் ஏறுங்கள். சம்பந்தர் தேவாரத்திலேயே ஆனைமாமலை சமணர் இருந்த இடமாக வருகிறது. ஆக ஒரே மலையில் சமணர், முருகன், நரசிங்கர் மூன்றும்.

மதியத்துக்கு மேல், வெயில் தாழ்ந்ததும் அரிட்டாபட்டி. அது பற்றிக் கீழே தனியாகவே ஒருவர் கேட்டிருக்கிறார். மற்ற ஐந்தும் அடுத்த தடவைக்கு.

கேள்வி: எனக்கு வயது 68, இரண்டு முழங்காலும் போச்சு. மலை மலை என்று எழுதினால் என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?
(நெல்லையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, நியாயமான கோபம். மலையே ஏறாமல், பெரும்பாலும் கோயிலைச் சுற்றியே ஒரு நாள் பார்க்க இருக்கிறது.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம், அது எல்லோருக்கும் தெரியும். அதைத் தாண்டி எழுகடல் தெருப் பக்கம் வாருங்கள். ராயகோபுரம் என்று ஒன்று நிற்கிறது, இல்லை, கோபுரத்தின் அடிப்பகுதி மட்டும் நிற்கிறது. திருமலை நாயக்கர் ஆரம்பித்து முடிக்காமல் விட்டது. வாசலின் இரண்டு பக்கமும் நிலைக்கல் ஒவ்வொன்றும் ஒரே கல், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். முடிந்திருந்தால் இன்றைக்கு இருக்கும் கோபுரங்கள் எல்லாம் அதற்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்திருக்கும் என்பார்கள், அடிப்பகுதியின் அகலத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. சுற்றிலும் கடைகள், தோரணம், மூட்டை. கடைக்காரர்கள் யாரும் விரட்டமாட்டார்கள், கொஞ்சம் ஒதுங்கி நின்று பாருங்கள்.

அடுத்தது பத்துத்தூண். இதற்கு விளக்குத்தூண் பக்கம் போக வேண்டும். மஹால் என்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது 1636-இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பாதியைப் பிரித்துக் கொண்டுபோனார். மிஞ்சியதையும் 1860-களின் கடைசியில் சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்க ஏற்பாடு செய்திராவிட்டால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அந்தக் காணாமல் போன பகுதியின் தூண்கள்தாம் ஒரு துணிக்கடைச் சந்துக்குள் நிற்கும் அந்தப் பத்துத் தூண்களும். சேலைப் பொட்டலமும் தள்ளுவண்டியுமாக ஆட்கள் இடித்துக்கொண்டு போகிற சந்தில், கடைப் பலகைகளுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு, மேலே தாங்க எதுவுமே இல்லாமல் நிற்கின்றன. மஹாலின் ஒலி-ஒளிக் காட்சியை விட இந்தச் சந்தில் பத்து நிமிடம் நின்றால் அரண்மனையின் அளவு நன்றாகப் புரியும்.

மேலமாசி வீதியில் காந்தி தங்கிய வீடு, இப்போது கதர்க்கடை. 1921 செப்டம்பர் 22 அன்று இங்கேதான் மேல்சட்டையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். கதர் வாங்குகிற சாக்கில் உள்ளே போய்வரலாம். மாலையில் தமுக்கம் பக்கத்துக் காந்தி அருங்காட்சியகம், ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது, 1959-இல் நேரு திறந்துவைத்தது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அறையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

மலையை விட்டுவிட மனசில்லை என்றால், மேலே சொன்ன நரசிங்கம் கோயில் சமதரைதான், வண்டி வாசல் பக்கம் வரை போகும்.

கேள்வி: மாங்குளம் போனேன். ஆகா ஓகோ என்றார்கள். பாறையில் ஏதோ கீறல் மாதிரி இருந்தது. இதற்கா ஐயா இவ்வளவு பேச்சு?
(திருப்பூர் வாசகர்)

பதில்: எத்தனை மணிக்குப் போனீர்கள்? நடுப்பகல் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கல்வெட்டைப் பார்க்க வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ போனால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து கோடு கோடாக எழுந்து நிற்கும், உச்சிவெயிலில் எல்லாம் ஒரே வெள்ளைதான். சுண்ணாம்பு, சாக்பீஸ் பூசிப் படிக்கிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எங்கே பார்ப்பது என்றும் தெரிய வேண்டும். குகைத்தளத்துக்கு மேலே பாறை நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் அந்தக் காடியோடு ஓடிப் பக்கத்தில் சொட்டுவதற்காக. துறவிகள் படுக்க உள்ளே கல்லைச் சமமாகச் செதுக்கி, தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி விட்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்தக் காடிக்குப் பக்கத்தில், அதற்குக் கீழேதான் எழுத்து. படுக்கை, காடி, எழுத்து, இந்த மூன்றையும் ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் எந்த மலைக்குப் போனாலும் கண் தானாகவே தேடும்.

இனி எழுத்து. தமிழி என்கிற தமிழ் பிராமி. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம், ஒரு எழுத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்: க என்பது கூட்டல் குறி போல இருக்கும். அதை வைத்துப் பாறையில் "க" எங்கெங்கே என்று தேட ஆரம்பித்தால் அரைமணி நேரம் போவதே தெரியாது.

மாங்குளம் (மலை இருப்பது மீனாட்சிபுரத்தில்) ஏன் முக்கியம் என்றால், தமிழ் எழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளில் அவை சேர்ந்தவை. 1882-இல் ராபர்ட் சீவெல் என்கிற ஆங்கிலேய அதிகாரி அவற்றைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். அப்போது படிக்கத் தெரியவில்லை, அது தமிழ்தான் என்று நிலைநாட்டவே அடுத்த நூற்றாண்டில் பல வருடம் ஆயிற்று. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றின் காலத்தைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். நீங்கள் கீறல் என்று நினைத்ததில் நெடுஞ்செழியன் என்ற பெயர் இருக்கிறது, சங்கப் பாட்டில் படித்த அதே பாண்டியர் பெயர். கணி நந்தாசிரியன் என்கிற துறவிக்கு அந்த இடத்தைச் செய்து கொடுத்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறது. ராஜாவின் ஆட்கள் மட்டும் இல்லை, வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழு, "நிகமத்தோர்", அவர்களும் கொடுத்திருக்கிறார்கள். ரெண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய நன்கொடைப் பலகை அது. இன்னொரு தடவை போங்கள், காலையில்.

கேள்வி: கீழடியில் குழிகளைப் பார்க்க முடியுமா? எத்தனை நேரம் ஒதுக்க வேண்டும்?
(புதுச்சேரி வாசகி)

பதில்: அரை நாள் போதும், சுமார் 12 கிலோமீட்டர்தான், ஆனால் சிவகங்கை மாவட்டம். அகழாய்வுக் குழிகளை வேலை முடிந்ததும் பெரும்பாலும் மூடிவிடுவார்கள், அதுதான் முறை, திறந்து வைத்தால் ஒரே மழையில் போய்விடும். அதனால் குழியை நினைத்துப் போய் தென்னந்தோப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம்தான் பார்க்க வேண்டியது, செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள், கட்டடமே அழகு. பானை ஓடுகளில் கீறிய ஆட்பெயர்களை முதலில் பாருங்கள். ஊர்மக்கள் தங்கள் பானையில் தங்கள் பெயரை எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் கீழடியின் பெரிய செய்தி என்பது என் அபிப்பிராயம். கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று வந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள், அதுவும் சரிதான். வார விடுமுறை எந்த நாள் என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: செய்தியில் அடிபட்ட அரிட்டாபட்டி பார்க்கிற மாதிரி இடமா? பறவை பார்க்கும் பழக்கம் உண்டு.
(ஓசூர் வாசகர்)

பதில்: பறவைக்காரர் என்றால் இந்தப் பட்டியலில் உங்களுக்கு அதுதான் முதல் இடம். மேலூர்ப் பக்கம், ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரையும் சேர்த்து 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டிலேயே அதுதான் முதலாவது. சுமார் 250 வகைப் பறவைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள், லகுடு வல்லூறு, ஷாஹின் வல்லூறு, ராசாளிப் பருந்து மாதிரி பாறையிடுக்கில் கூடு கட்டும் வேட்டைப் பறவைகள்தான் விசேஷம். எறும்புதின்னி, தேவாங்கு கூட உண்டு, அதைப் பகலில் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். ஏழு குன்றுகள், அவற்றிலிருந்து இறங்கும் தண்ணீரைப் பிடிக்கக் குளமும் கண்மாயுமாக ஊரே ஒரு ஏற்பாடு. பாறையில் விழுகிற மழை ஒரு சொட்டும் வீணாகாத மாதிரி சுனை, ஓடை, கண்மாய், வயல் என்று வரிசையாகப் போகிறது. குன்றின் உச்சியிலிருந்து பார்த்தால் இது வரைபடம் மாதிரி தெரியும்.

கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டும் சமணச் சிற்பமும், கொஞ்சம் தள்ளி ஒரு குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கின்றன. அந்தக் கோயிலில் லகுலீசர் சிற்பம் உண்டு, கையில் தடியோடு உட்கார்ந்திருப்பார், பாசுபத சைவர்களின் குரு. தமிழ்நாட்டில் இவரை அதிகம் பார்க்க முடியாது.

செய்தியில் அடிபட்டது டங்ஸ்டன் சுரங்கத்துக்காக. 2024 நவம்பரில் இந்தப் பகுதியையும் உள்ளடக்கி ஏலம் விட்டார்கள், மேலூர்ச் சுற்றுவட்டாரமே தெருவுக்கு வந்தது, மதுரை வரை பேரணி போனார்கள், 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதனால் ஊருக்குள் போகும்போது யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. பைனாகுலரைக் காட்டினால் அவர்களே எந்தப் பாறையில் கூடு என்று சொல்வார்கள்.

கேள்வி: இரண்டு தோழிகள் மட்டும் போகலாமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: நரசிங்கம், கீழடி, ஊருக்குள் இருப்பவை எல்லாம் தாராளமாக. சமணர் மலை அடிவாரம், செட்டிப்புடவு வரை காலை நேரத்தில் சரி. மேலே பேச்சிப்பள்ளம், மாங்குளம், கழிஞ்சமலை இவற்றுக்கு இரண்டு பேர் போதாது, பெண்கள் என்பதால் மட்டும் சொல்லவில்லை, ஆண்கள் இரண்டு பேருக்கும் இதையேதான் சொல்வேன். கால் பிசகினால் ஒருவர் கூட இருக்க வேண்டும், ஒருவர் இறங்கிப் போய் ஆள் கூப்பிட வேண்டும். மாலையில் சில பாறைகளில் குடிக்க வருகிறவர்கள் உண்டு, உடைந்த பாட்டிலே சாட்சி. அடிவாரக் கிராமத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், இறங்கியதும் அவர் நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள். வழியும் தெரியும், கதையும் கிடைக்கும்.

கேள்வி: யாருக்கும் தெரியாமல் அமைதியாக இருக்கும் இடங்களை இப்படி எழுதி எழுதியே கெடுக்கிறீர்கள். ஏற்கெனவே சிற்பங்களுக்குப் பக்கத்தில் பெயிண்டில் காதலர் பெயர்கள். உங்களுக்கு இது தேவையா?
(மதுரை வாசகர்)

பதில்: உள்ளூர்க்காரர், கேட்க உரிமை இருக்கிறது. பெயிண்ட் விஷயத்தில் உங்களோடு சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் "யாருக்கும் தெரியாமல் இருந்தால் பத்திரமாக இருக்கும்" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன், மதுரையில் உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் சொல்கிறீர்கள்?

மேலூரைத் தாண்டிக் கீழவளவுக்குப் போய்ப் பாருங்கள். பஞ்சபாண்டவர் மலையில் தமிழிக் கல்வெட்டு இருக்கிறது, தொண்டியைச் சேர்ந்த ஒருவர் செய்து கொடுத்தது, சில எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்ட விசித்திரமான கல்வெட்டு. சமணச் சிற்பங்களும் உண்டு. அது தொல்லியல் சின்னம் என்று தெரிந்ததால் நிற்கிறது. சுற்றிலும் இருந்த, யாருக்கும் எந்தப் பெயரும் தெரியாத குன்றுகள் என்ன ஆயின? கிரானைட்டாகிப் போயின. பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. பெயிண்டைச் சுரண்டி எடுக்கலாம். அறுத்துக் கப்பலேற்றிய மலையை என்ன செய்ய முடியும்?

யானைமலையைச் சிற்ப நகரமாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள், கைவிட்டார்கள். அந்தச் சமயத்தில், 2010-வாக்கில், தொடங்கியதுதான் பசுமை நடை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நூற்றுக்கணக்கான பேரை, குடும்பம் குடும்பமாக, இந்த மலைகளுக்குக் கூட்டிப்போய் அங்கேயே உட்கார வைத்து வரலாறு சொன்னார்கள். அப்படிப் போய்வந்தவர் யாராவது பாறையில் பெயர் கிறுக்கியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? கிறுக்குகிறவனுக்கு அது என்ன என்றே தெரியாது, அவனிடம் யாரும் சொல்லவில்லை, அதுதான் பிரச்சினை. நாம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டால் அவனுக்கும் குவாரிக்காரருக்கும்தான் வசதி.

உங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் சமணர் மலையைப் பார்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? என்ன கொண்டுபோக வேண்டும்?
(இதைக் கேட்டவர்கள் நிறையப் பேர்)

பதில்: மார்கழி, தை, மாசி. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், எட்டு மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிடும். சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் திருவிழாவை மட்டும் பாருங்கள். ஐப்பசி மழையில் மலையெல்லாம் பச்சையாக, சுனை நிரம்பி, பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் பாசி படிந்த படியில் வழுக்கும், மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ. குகைக்குள் பார்க்கச் சின்ன டார்ச், செல்போன் வெளிச்சம் பத்தாது. மேலே கடை கிடையாது, வெறும் வயிற்றில் ஏறாமல் அடிவாரத்தில் ஏதாவது டீக்கடையில் இரண்டு வடையாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், தின்றுவிட்டு மிஞ்சும் பிளாஸ்டிக்கைக் கீழே கொண்டுவாருங்கள். குரங்கு இருக்கும் இடங்களில் பையைத் திறக்காதீர்கள்.

சுங்குடிச் சேலைக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில்.